விழுதில் ஆடியவர்

ஜூன் 14, சனி. பலேர்மோ.

இவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஆறு மாதமாகிறது. அமெரிக்காவில், எங்கள் ஃபிரிஸ்கோ வீட்டில் குப்பைத் தொட்டியைக்கூட நானும் மகள் நிலாவும்தான் தெருவுக்குத் தள்ளுகிறோம். இன்று இந்த ஊரின் பழைய தாவரவியல் பூங்காவில் இவரை நிழலில் உட்காரவைத்துவிட்டு, நாங்கள் இருவரும் அல்லிக்குளம் பார்க்கப் போனோம். திரும்பி வந்தால் பெஞ்ச் காலி.

எங்கேயோ விசில் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் ஓடினோம். பிரம்மாண்டமான ஆலமரம் ஒன்று. அதன் விழுதைப் பிடித்துக்கொண்டு இவர் ஊஞ்சலாடுகிறார்! காவலாளி இத்தாலிய மொழியில் கத்திக்கொண்டிருந்தார்.

“அப்பா, கெட் டவுன்! சோ எம்பாரஸிங்!” என்றாள் நிலா.

“அறிவிருக்கா உங்களுக்கு? டாக்டர் என்ன சொன்னாரு?” என்று நானும் கத்தினேன்.

“வாக் பண்ணச் சொன்னாரு. ஆடக்கூடாதுன்னு சொல்லலையே!”

சொல்லிவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஆறு மாதமாயிற்று. இறங்கியபோது கொஞ்சம் மூச்சு வாங்கியது. இல்லவே இல்லை என்கிறார். நான் பார்த்தேன்.

இரவுச் சாப்பாடு வரை திட்டிக்கொண்டே இருந்தேன். இப்போது சிவந்துபோன உள்ளங்கைகளை நீட்டி, எண்ணெய் தடவிவிடச் சொல்கிறார். தடவிவிட்டுப் படுக்கிறேன். மிச்சத் திட்டு காலையில்.