முதல் படத்தில் போட்ட ஒன்று

9-7-2024, செவ்வாய்
கால் வீக்கம். சிறுவாபுரி முருகன் கோயிலுக்குப் போகவில்லை. மகள் பூமிகா தன் ஆராய்ச்சிக்காகச் சென்னை விடுதியிலிருந்து அனுப்பிய படங்களில் இருபத்தெட்டாவது வரிசையை முடித்தேன். தலைமுடியில் லட்சத்தில் ஒரு பங்கு கனமே உள்ள தகடு. அதன்மேல் எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி, ஒரே இடத்தை அடுத்தடுத்துப் படம் எடுக்கிறார்கள். அப்படி ஓரிடத்துப் படங்கள் ஒரு வரிசை. புள்ளி மங்கியிருந்தால் அங்கே ஒரு கந்தக அணு போய்விட்டது, அதுதான் ஓட்டை. மங்கலை எண்ணி எழுதுவது என் வேலை. கம்ப்யூட்டர் அதில் தடுமாறுகிறதாம். எட்டாவதோடு நின்ற எனக்கு இதில் பெருமைதான்.

ஒரே இடத்தைப் படம் எடுக்க எடுக்க ஓட்டை கூடுகிறதே, ஏன் என்று அவளிடம் போனில் கேட்டேன். "பாக்கறதுக்கு வுடற எலக்ட்ரானே அணுவ தட்டி வுட்டுடுதும்மா. பாத்துக்கினே இருந்தா இன்னும் வுழும்."

பார்ப்பதே பொத்தலாக்குமா?

12-7, வெள்ளி
முப்பது வரிசையும் முடிந்தது. ராகு காலம் கழித்து அனுப்பினேன்.

19-7, வெள்ளி
பூமிகா குரலே சரியில்லை. நான் அனுப்பிய கணக்குப்படி எல்லா வரிசையிலும் முதல் படத்திலேயே ஓட்டை இருக்கிறதாம். கற்றை படுமுன்பே தகடு கெட்டிருக்கிறது, செய்தவன் சரியில்லை என்று பேராசிரியர் முடிவு கட்டிவிட்டார். செய்தவன் ஜோஷ்வா. அவளோடு ஒரே ஆய்வகம், பொன்னேரிப் பையன். பொங்கலுக்கு நம் வீட்டில் சாப்பிட்டு, "ஆன்ட்டி, இந்த வடகறிய ஆராய்ச்சி பண்ணா எனக்கு பட்டம் குடுத்துடுவாங்க" என்றவன். மாதக் கடைசியோடு அவனை நிறுத்தப்போகிறார்களாம்.

முதல் படம். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு போனை வைத்தேன்.

20-7, சனி
நோட்டையும் படங்களையும் வைத்துப் பார்த்தேன். பதினொரு வரிசையில் உண்மையாகவே ஒன்றோ இரண்டோ இருக்கிறது. மீதி பத்தொன்பதில் முதல் படத்தில் ஒரு மங்கல்கூட இல்லை. அங்கெல்லாம் ஒன்று என்று போட்டிருக்கிறேன். மாமியார் நெல் அளக்கும்போது தொடக்கம் மங்களமாக இருக்க, முதல் மரக்காலை ஒன்று என்னாமல் லாபம் என்பார். நானும் எந்தக் கணக்கையும் சைபரில் தொடங்கியதில்லை. பிள்ளை படிப்பாச்சே, அபசகுனம் வேண்டாம் என்று –

கைப்பழக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். இல்லை. தெரிந்துதான் போட்டேன். ஒன்றுதானே, அதனால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்.

23-7, செவ்வாய்
சிறுவாபுரி போய் முருகனிடம் சொன்னேன். சொல்ல வேண்டியது அவனிடமா? நாலு நாளா வாயத் தொறக்கல. திட்டுவாள் என்றா பயம்? இல்லை. இனி என்னை நம்பமாட்டாள் என்று.

25-7, வியாழன்
இவர் ரோலிங் மில்லிலிருந்து வந்ததும் சொன்னேன். சட்டையைக் கழற்றிக்கொண்டே, "ஒரு புள்ள பொழப்பு போவுது. நீ இன்னா விளக்கு தொடச்சிக்கினு கீற? போன எடு" என்றார்.

எடுத்தேன். பூமிகாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எத்தினி வரிசையிலம்மா?" என்றாள்.

"பத்தொம்போது."

"அந்த சைபர்தாம்மா எனக்கு வேணும். அது இருந்தாதான் ஓட்ட எலக்ட்ரானால வந்துதுன்னு சொல்ல முடியும். ஜோஷ்வாகிட்ட நானும் மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு இருந்தேன்மா ஒரு வாரமா."

வைத்துவிட்டாள்.

28-7, ஞாயிறு
பொன்னேரிக்கு ரயிலில் போய் ஜோஷ்வாவிடம் நேரில் சொன்னேன். "அந்த மிஷினு ஓட்ட போட அர நிமிஷம் ஆவும் ஆன்ட்டி. நீங்க பேனாவுல ஒரே நொடில போட்டுட்டீங்க" என்று சிரித்தான். அவன் அம்மா சிரிக்கவில்லை. "பத்து நாளா சோத்துல கைய வெச்சிட்டு எழுந்துடறான்மா" என்றார். அவர் தந்த காபியைக் குடித்தேன். குடிக்காமல் எப்படி எழுந்து வருவது?

31-7, புதன்
ஜோஷ்வாவை நிறுத்தவில்லை. அவனும் பூமிகாவுமாக முதலிலிருந்து எண்ணுகிறார்களாம்.

17-8, சனி
பேராசிரியர் ஒப்புக்கொண்டுவிட்டார். தகடு நன்றாகத்தான் இருந்திருக்கிறது. ஓட்டைகளில் பெரும்பாலும் கற்றை போட்டவை. பூமிகா வீட்டுக்கு வந்திருந்தாள். நன்றாகச் சாப்பிட்டாள். புதுப் படங்கள் வந்திருப்பதாக ஜோஷ்வாவிடம் போனில் பேசினாள். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன் போலிருக்கிறது.

"இனிமே நாங்களே ஆளுக்கு ஒருவாட்டி எண்ணிக்கிறோம்மா. உனுக்கு எதுக்கு கண்ணு வலி" என்றாள். கோபமாக இல்லை, அன்பாகத்தான்.

அவளை ரயிலேற்றிவிட்டு வந்து துணி மடித்தேன். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தேன்.