குளியலறைச் சன்னல்

ஜூன் 10, செவ்வாய்

பேசாமல் இருந்தது போதும். காலையிலிருந்து மழை. குளியலறைச் சுவரில் மறுபடி கருப்புப் பூஞ்சை. பிளீச் போட்டுத் தேய்த்தேன். துண்டு நேற்றிலிருந்து காயவில்லை.

தேக்காவில் கடைக்கு மேலே மூன்று தடுப்பறைகள், கப்பல் கேபின் அளவு. ஒன்றில் நான். மூன்றிலும் குளியலறைச் சன்னலை வீட்டுக்காரர் செல்வம் பிளாஸ்டிக் தகட்டால் அடைத்துவிட்டார். சன்னலுக்கு வெளியே முற்றம், கீழே அவருடைய சாமி மாடம். எங்கள் குளியலறைக் காற்று சாமி மேல் இறங்குகிறதாம். பதிலுக்கு ஒரு விசிறி. அது சீலிங்குக்குள் ஊதுகிறது. மேலே போன ஈரம் அங்கேயே தங்கிக் கீழே இறங்குகிறது. பொறியியல் படித்தவன் சொல்கிறேன். கேட்க ஆளில்லை.

ஜூன் 12, வியாழன்

புழுக்கம். மகள் யாழினி போன் செய்தாள். பள்ளி விடுமுறை.

"சனிக்கிழமை வந்து தங்கறேன்ப்பா. பாத்ரூம் சரியாயிடுச்சான்னு அம்மா கேக்கச் சொன்னாங்க."

போன தடவை இங்கிருந்து புக்கிட் பாஞ்சாங்கில் அம்மா வீட்டுக்குத் திரும்பியதும் அவளுக்கு மூச்சிளைப்பு. அவள் அம்மாவுக்கு என்னைக் குறை சொல்ல அது ஒன்று போதும். விவாகரத்துக்கே காரணம் தேடியவள்.

சரியாகிவிடும் என்றேன்.

தலையணை உறை, பல் துலக்க நீல பிரஷ், சாக்லேட் பால். வாங்கியாயிற்று.

ஜூன் 13, வெள்ளி

செல்வத்தைப் படியில் பிடித்தேன். தகட்டை எடுத்துவிட்டு விசிறியிலிருந்து கூரைக்கு மேல் வரை குழாய் வைக்கலாம், நானே செய்கிறேன் என்றேன்.

"நீங்க படிச்சவரு, ஒத்துக்கறேன். மத்தவங்க யாரும் கேக்கலியே? புடிக்கலன்னா வேற ரூம் பாருங்க லா."

பக்கத்து அறைக்காரர்கள் இருவரும் அங்கேதான் நின்றார்கள். தினம் என்னிடம் புலம்புகிறவர்கள். ஒருவர் செருப்பைப் பார்த்தார், ஒருவர் போனை.

ஜூன் 14, சனி

நல்ல வெயில். யாழினி வந்தாள். என் தோளுக்கு மேல் வளர்ந்திருக்கிறாள். பையை வைத்தாள், முகம் கழுவப் போனாள். உள்ளே இருமல். வெகுநேரம்.

"மூச்சு முட்டுதுப்பா. சாயந்தரமே போயிடறேன், ஓகேவா?"

ஓகே என்றேன். புரோட்டா சாப்பிட்டோம். எம்ஆர்டி ரயில் நிலையம் வரை நடந்தோம். கதவு மூடும்வரை கையாட்டினாள்.

திரும்பி வந்து எழுதினேன்: 'சன்னல் தகடுகளை எடுத்துவிட்டுக் குழாய் வைக்கவும். இங்கே மனிதர்கள் மூச்சு விடுகிறார்கள்.'

பெயர் எழுதப் போன கை நின்றது. நான்தான் என்று செல்வம் ஊகிப்பார்; பெயரே இருந்தால் அறையைக் காலி செய்யச் சொல்வார். அடுத்த விடுமுறைக்கு அவள் வர எனக்கு ஓர் அறை வேண்டும்.

படிச்சுவரில் ஒட்டப் போகிறேன். பெயர் இல்லாமல்.