எழவு ஃபோல்டர்

நவம்பர் 20, வியாழன்

மகன் பூபதிக்குப் பார்த்திருக்கும் பெண் வீட்டார் முப்பதாம் தேதி நம் வீடு பார்க்க வருகிறார்கள். ராசிபுரத்துக்காரர்கள். என் வீட்டுக்காரருக்குக் காலையிலிருந்து கால் தரையில் பாவவில்லை. ரிக் வண்டியைக் கழுவி வாசலில் நிறுத்தச் சொல்லி டிரைவரை விரட்டிக்கொண்டிருக்கிறார். போர் போடுகிற வண்டி எவ்வளவு கழுவினாலும் மண் வண்டிதானே என்றேன். முறைத்தார்.

எனக்கு வேறு வேலை வைத்திருக்கிறார். கம்ப்யூட்டரில் கிடக்கும் படங்களை ஒழுங்கு பண்ண வேண்டுமாம். ஹாலில் பூபதி மாட்டியிருக்கும் பெரிய டி.வி., சும்மா இருக்கும்போது கம்ப்யூட்டரிலுள்ள படங்களை ஒவ்வொன்றாக ஓட்டும். போன மாதம் அவருடைய பங்காளி ஒருத்தர் வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று சுகன்யா வந்து நின்றாள். பள்ளிக்கூட யூனிஃபார்ம், ரெட்டை ஜடை. இவர் எழுந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கினார்.

"பொண்ணு ஊட்டுக்காரங்க வாரப்ப அது வந்து நிக்கக்கூடாது. அது இருக்கற படம் ஒண்ணு உடாம எடுத்துப்போடு" என்றார்.

அது. பெற்ற மகளைத்தான் சொல்கிறார்.

நவம்பர் 21, வெள்ளி

ரிக் ஆபீஸ் கணக்கு பார்க்கக் கம்ப்யூட்டர் பழகினேன். வினை அங்கே ஆரம்பித்தது. இந்த வீட்டில் படத்தை எடுத்து ஃபோல்டரில் போட்டுப் பெயர் வைத்தவள் நான்தான், அதனால் அழிக்கவும் நான்தான்.

பூபதி ஒரு ஆப் போட்டுக்கொடுத்தான். முகத்தைப் பார்த்துத் தானாகவே பிரித்துவிடுகிறது. ஒவ்வொருத்தர் முகத்துக்கும் ஒரு வட்டம். சுகன்யாவின் வட்டத்தைத் தொட்டால் மொட்டைத் தலையோடு இருப்பவளும் அவள்தான், காலேஜ் முடித்து நிற்பவளும் அவள்தான். மெஷினுக்குச் சந்தேகமே இல்லை.

"இப்ப சுலபமாயிடுச்சும்மா. அத்தனையும் ஒரே இடத்துல இருக்குது, ஒரு தட்டு தட்டுனாப் போதும்" என்றான். அவன் குரலில் ஒன்றும் இல்லை. அக்காவைத் தூக்கச் சொல்கிறோம் என்று அவனுக்குத் தோன்றுகிறதா, இல்லையா? கேட்கத் தைரியம் இல்லை.

நவம்பர் 22, சனி

எட்டு வருஷத்துக்கு முன்னால் அவள் ஈரோட்டில் வேறு சாதிப் பையனை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் எங்கள் எல்லோரையும் காரில் ஏற்றிக் காவிரிக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தலை முழுக வைத்தார். செத்தவர்களுக்கு முழுகுவதுபோல. புடவையோடு முழுகினேன். ஈரத்தோடு காரில் உட்காரச் சொன்னார். சீட் நனைந்ததற்கு டிரைவரிடம் மன்னிப்புக் கேட்டேன். வேறு எதற்கும் அன்றைக்கு நான் வாய் திறக்கவில்லை.

அதன் பிறகு அவள் பெயர் வீட்டில் இல்லை. போன் நம்பர் இல்லை. பள்ளிபாளையத்தில் இருக்கிறாள் என்று மட்டும் தெரியும். பஸ்ஸில் போனால் அரை நாளில் போய் வந்துவிடலாம். போகவில்லை. படம் மட்டும் இருந்தது.

நவம்பர் 24, திங்கள்

தனியாக இருக்கும் படங்களை எடுப்பது லேசு. கூட்டமாக நிற்பதுதான் வம்பு. ஆயுத பூஜை அன்று ரிக் வண்டி முன்னால் எடுத்த படத்தில் ஓரத்தில் நிற்கிறாள். வெட்டலாம் என்றால், என் தோளில் முகத்தை வைத்து ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். அவளை வெட்டினால் நானும் போகிறேன். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

கொஞ்ச நேரம் பார்த்தார். "போனாப் போவுது, வெட்டு. வண்டி நல்லாத் தெரியோணும்" என்றார்.

வெட்டினேன். வண்டி நன்றாகத் தெரிகிறது.

நவம்பர் 26, புதன்

அழிக்கவில்லை. அழிக்க முடியவில்லை. எழுதிவைக்கிறேன், இந்த நோட்டை யாரும் தொடமாட்டார்கள்.

ஒரு யோசனை வந்தது. மாமனார் போனபோது எடுத்த படங்கள் 'எழவு' என்ற ஃபோல்டரில் கிடக்கின்றன. நாற்காலியில் உட்கார வைத்து, மாலை போட்டு, நாடிக்கட்டோடு. அதை இந்த வீட்டில் யாரும் திறந்ததில்லை. பூபதிக்குச் சின்ன வயதிலிருந்தே பயம். அவருக்கு அதைத் திறந்தால் அன்றைக்கு வண்டி ஓடாது, போரில் தண்ணி வராது என்று எண்ணம். டி.வி.யிலும் ஓடாதபடி அப்போதே தனியாக ஒதுக்கி வைத்தாயிற்று. சுகன்யாவை முழுக்க அதற்குள் கொண்டுபோய்ப் போட்டேன். செத்தவள் என்று சொன்னார்களே, அங்கேயே இருக்கட்டும். அவள் தாத்தாவுக்கு அவள் என்றால் உயிர். பார்த்துக்கொள்வார்.

நம்முடைய புத்திக்கு இப்படியும் வேலை செய்ய வருகிறதே என்று எனக்கே கொஞ்சம் சிரிப்பாக இருந்தது.

நவம்பர் 30, ஞாயிறு

வந்தார்கள், பார்த்தார்கள், பிடித்துவிட்டது. பெண் பெயர் அபிநயா. டி.வி.யில் பூபதியும் வண்டிகளுமாக ஓடின.

சமையலறையில் பெண்ணின் பெரியம்மா என் பக்கத்தில் வந்து நின்று, "உங்களுக்கு ஒரே பையன்தானுங்களா?" என்றார். ஊரெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் படியேறியிருப்பார். தெரியும். தெரிந்துதான் கேட்கிறார். நான் என்ன சொல்கிறேன் என்று பார்க்க.

"ஆமாங்க" என்றேன். பாயசத்துக்கு முந்திரி வறுத்துக்கொண்டிருந்தேன், கருகிவிட்டது.

டிசம்பர் 11, வியாழன்

மத்தியானம் அவர் இல்லாத நேரம் திறந்து பார்த்தேன். முதலில் மாமனாரைத் தாண்ட வேண்டியிருக்கிறது. பழகிவிட்டது.

ஜனவரி 18, ஞாயிறு

போச்சு. எல்லாம் போச்சு.

கல்யாண பேனருக்குப் படம் எடுக்க வேண்டும் என்று மூணு பேரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். அவர், பூபதி, நாத்தனார் கண்ணாத்தாள். நான் முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தேன். நாத்தனார் சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது. "ஏம்ப்பா, எழவுன்னு எழுதியிருக்குது? நல்ல காரியம் நடக்கற ஊட்டுக்குள்ள எழவுப் படத்தை வெச்சுட்டு இருப்பாங்களா? நம்ம ஐயன் படந்தான் செவுத்துல மாட்டியிருக்குதே, அது போதாதா?"

கரண்டியை எண்ணெயிலேயே விட்டுவிட்டு ஓடினேன். "அழிச்சுப்போடு பூபதி" என்று அவர் சொல்வதும் அவன் விரல் போவதும் ஒன்றாக நடந்தன. குப்பைத் தொட்டியிலும் தங்காமல் ஒரேயடியாக அழிகிற மாதிரி அமுக்கினான். தீட்டு அதில்கூட ஒட்டக்கூடாதாம்.

திறந்து பார்க்கவில்லை. ஒருத்தர்கூடத் திறந்து பார்க்கவில்லை. திறக்கமாட்டார்கள் என்று நம்பித்தானே அங்கே வைத்தேன். திறந்திருந்தால் சண்டை வந்திருக்கும், அடி விழுந்திருக்கும், அவளாவது இருந்திருப்பாள். ஐயோ, நான் என்ன பண்ணி வெச்சுட்டேன். என் கையாலயே கொண்டுபோய் எழவுல போட்டனே.

"ஏம் புள்ள ஒரு மாதிரி நிக்கற?" என்றார். முறுக்கு கருகுது என்றேன்.

ஜனவரி 19, திங்கள்

அழித்ததைத் திரும்ப எடுத்துத் தரச் சொல்லிப் பூபதியிடம் கேட்டேன். வேறு வழி?

"தாத்தா படந்தானேம்மா, உடு" என்றான்.

"தாத்தா மட்டும் இல்லடா" என்றேன்.

புரிய அவனுக்கு நேரம் ஆகவில்லை. முகம் தொங்கிப்போயிற்று. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தான். அழிந்ததை மீட்கிற ஏதோ ஒன்றைப் போட்டு ஓட்டினான். கொஞ்சம் வந்தன. திறந்தால் மேலே ஒரு கீற்று படம், கீழே முழுக்கச் சாம்பல் நிறம். ஒன்றில் நெற்றியும் பொட்டும். ஒன்றில் பின்னால் நிற்கிற வேப்பமரம் மட்டும். மாமனார் மட்டும் மாலையோடு முழுசாக வந்தார்.

"அக்கா..." என்று ஆரம்பித்தான். அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து கேட்டு எத்தனை காலம். "அப்பாகிட்டச் சொல்லாதம்மா" என்று எழுந்து போனான்.

ஜனவரி 21, புதன்

ஜாக்கெட் அளவு கொடுக்கத் தையல்காரி வசந்தாமணி வீட்டுக்குப் போனேன். சுகன்யா இருக்கிற தெருவில்தான் அவளுடைய தங்கையும் இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது வசந்தாமணிக்கும் தெரியும். இத்தனை வருஷமாக இரண்டு பேரும் ஜாக்கெட்டைத் தவிர வேறு பேசியதில்லை.

இன்றைக்குச் சுகன்யாவைப் பற்றிக் கேட்டேன். "பாப்பாகிட்டப் பழைய படம் எதாச்சும் இருந்தா என் நம்பருக்கு அனுப்பச் சொல்லு சாமி. எதுன்னாலும் சரி." அளவெடுக்கிற டேப் என் கழுத்தில் அப்படியே கிடந்தது. அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

ஜனவரி 29, வியாழன்

பதில் ஒன்றும் இல்லை. எந்த முகத்தோடு எதிர்பார்க்கிறேன்?

கல்யாண வேலை தலைக்கு மேல். போனைத் தொட முடியவில்லை. யார் யாரோ குரூப்பில் சேர்த்துவிட்டு, பூ அலங்காரம், பந்தி மெனு, மருதாணி டிசைன் என்று வந்துகொண்டே இருக்கிறது. தெரியாத நம்பரிலிருந்து ஒரு பொம்பளை படம். எலும்பும் தோலுமாக, கண்ணாடி போட்டு, கிராப்பு வெட்டினமாதிரி தலை, இடுப்பில் ஒரு குழந்தை. வைத்தியச் செலவுக்கு உதவி கேட்டு அனுப்புகிறார்களே, அந்த மாதிரி. நல்ல காரிய நேரத்தில் பார்க்கச் சகிக்கவில்லை. அழித்துவிட்டு நம்பரையும் பிளாக் பண்ணினேன்.

மாவுக்கு அரிசி ஊறப்போட வேண்டும். வெற்றிலை சொல்லியாயிற்று.

பிப்ரவரி 6, வெள்ளி

கல்யாணம் முடிந்தது. மேடையில் அக்கா செய்ய வேண்டியதை எல்லாம் ஒன்றுவிட்ட நாத்தனார் மகள் செய்தாள். போட்டோக்காரர், "குடும்பம் மட்டும் நில்லுங்க" என்றார். நின்றோம்.

பிப்ரவரி 12, வியாழன்

வசந்தாமணி பாக்கி ஜாக்கெட்டைக் கொடுக்க வந்தாள். அவர் வெளியே போனதும், "பாப்பா படம் அனுப்புச்சாம், பாத்தீங்களாக்கா?" என்றாள்.

எங்கே, எனக்கு வரவில்லையே என்றேன்.

"அனுப்புனேன்னுச்சுங்களே. பழசு ஒண்ணும் தங்கிட்ட இல்லையாம், கட்டுன துணியோட வந்தவதானுங்க. அதனால இப்ப இருக்கற மாதிரி, மவளைத் தூக்கிட்டு நின்னு ஒண்ணு எடுத்து அனுப்புனாளாம்."

பிப்ரவரி 13, வெள்ளி

நான் பெத்த புள்ள. பத்து மாசம் சொமந்த புள்ள. எனக்கு அடையாளம் தெரியல.

அவர் அழித்தார், பூபதி அழித்தான் என்று திட்டிக்கொண்டிருந்தேனே. அவர்களாவது திறந்து பார்க்காமல் அழித்தார்கள். நான் பார்த்துவிட்டு அழித்தேன். சகிக்கவில்லை என்று எழுதியும் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 16, திங்கள்

எழுத ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 19, வியாழன்

போய்விட்டு வந்தேன். திரும்பி வந்தபோது கதவு திறந்துதான் இருந்தது. அவர் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

காலையில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். "சுகன்யா ஊட்டுக்குப் போறேனுங்க." பெயரோடு சொன்னேன். பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "போனா அப்படியே இருந்துக்க" என்றார். மருமகள் அபிநயா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கும் ஒரு நாள் தெரிய வேண்டியதுதானே.

வசந்தாமணி தங்கை தெருமுனை வரை வந்து காட்டிவிட்டுப் போனாள். ஒரே வரிசையாக வாடகை வீடுகள், பக்கத்தில் தறி ஓடுகிற சத்தம். கதவைத் திறந்தவளைப் பார்த்தேன். இந்தத் தடவை தெரிந்தது.

"வாங்க" என்றாள். "உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?"

என்னை வா, போ என்றுதான் பேசுவாள். அவள் அப்பாவைத்தான் 'ங்க' போட்டுப் பேசுவாள். டம்ளரை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

"படம் வந்துச்சுங்களா?"

"வந்துச்சு."

"பதில் ஒண்ணும் போடலீங்களே... சரி, பாத்துட்டாப் போதும்னு உட்டுட்டனுங்க."

பார்த்தேன் என்று சொன்னேன். அது பொய் இல்லை. ஏன் இப்படி இளைத்துப்போனாய் என்று கேட்டேன். போன வருஷம் முழுக்க ஆஸ்பத்திரிதானாம், மருந்தில் முடியெல்லாம் கொட்டி இப்போதுதான் முளைக்கிறதாம். "இப்பப் பரவால்லீங்க. அவரு ஒரு நாள் உடாம கூட வந்து பாத்துக்கிட்டாரு." வேறு யாரும் வரவில்லை என்று அவள் சொல்லவில்லை. அழுதேன். அவள் அழவில்லை, மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

கொஞ்சம் கழித்து, "மவளைப் படம் எடுத்துக்கறீங்களா?" என்று கேட்டாள். அதற்குத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறாள்.

"படம் வேண்டாஞ் சாமி. மறுபடி வாரேன்" என்றேன். அவள் எழுந்து டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

உள்ளே தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்து வந்து அவள் காலைக் கட்டிக்கொண்டது. என்னையே பார்த்தது. "யாரும்மா இவங்க?"

சுகன்யா என்னைப் பார்த்தாள். நான் எதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு வாய் வரவில்லை.

"தெரிஞ்சவங்க சாமி" என்றாள். "கும்புடு போடு."

குழந்தை இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டது. நானும் கும்பிட்டேன்.