தண்டு அவிக்கும் கொட்டகை

இன்று காலை சாம்பல் தண்ணீரில் தக்காளித் தண்டு வெந்து ஆவி எழும்பியது. அந்தப் பச்சை நெடி மூக்கில் ஏறியதும் உன் மேல் பழைய எரிச்சல் வந்துவிட்டது. நீ போய் மூன்று மாதம் ஆகிறது. செத்தவள் மேல் பொறாமைப்படலாமா? நான் படுகிறேன்.

தேயிலை மலையில் ஒரே நிரையில்தான் கொழுந்து எடுத்தோம். எப்போதும் நான்தான் முந்தி. உன் கூடை பாதிக்கு மேல் ஏறாது. "இது கொழுந்து எடுக்குதா, பேன் பாக்குதா?" என்று கங்காணி உன்னைக் கேட்டபோது சத்தமாகச் சிரித்தவள் நான். "கை ஓடினா கண்ணு பின்தங்கிடும் புள்ள" என்பாய். தோற்றவள் பேச்சு என்று நினைத்துக்கொள்வேன்.

மலை ஏற முடியாத வயதில் இருவரும் ரோட்டுக்குக் கீழே தக்காளிக் குடிலுக்கு வேலைக்குப் போனோம். பொலித்தீன் கூடாரத்துக்குள் காய்த்து ஓய்ந்த கொடிகளை முதலாளி குவித்து எரிப்பார். ஈரக்கொடி புகைந்து நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளே இருமும். நீதான் தண்டை மட்டும் வெட்டி, அவித்து, இடித்து, அச்சில் அமுக்கிக் கிண்ணமாகக் காயவைத்துக் காட்டினாய். அதில் நாற்றுப் போட்டுக் கிண்ணத்தோடேயே மண்ணில் நடலாம். பொலித்தீன் பை வேண்டாம். முதலாளி கொட்டகை போட்டு உன்னைப் பொறுப்பாக வைத்தார். ஐந்தாம் வகுப்பு படித்த நான், கைநாட்டு வைக்கும் உனக்குக் கீழே! அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

கொடியைத் தாங்கக் கட்டிய நைலோன் கயிற்றைப் பிரித்த பிறகுதான் தண்டை வெட்ட வேண்டும். நீ ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பாய். நானோ கொழுந்து எடுத்துப் பழகிய கையால் மளமளவென்று உருவி, உன்னைவிட இரண்டு மடங்கு குவித்தேன். கயிற்றுத் துண்டுகளும் தண்டோடு போயின. கிண்ணம் வாங்கி அதில் கோவா நாற்றுப் போட்ட தோட்டக்காரர் வாடிய நாற்றுகளோடு வந்து நின்றார். வேரை நைலோன் சுற்றி இறுக்கியிருந்தது.

"இப்பிடின்னா கொட்டகைய மூடிட்டு மறுபடி எரிச்சிரலாம்" என்றார் முதலாளி. அங்கே வேலை செய்த ஆறு பெண்களில் மலை ஏறக்கூடியவள் ஒருத்தியும் இல்லை. நான் குனிந்து தண்டை வெட்டிக்கொண்டிருந்தேன். நீ எழுந்தாய்.

"நான்தான் தம்பி பாக்காம விட்டுட்டேன். என்னைய வேணா நிப்பாட்டுங்க, கொட்டகைய மூடாதீங்க."

மறுநாள் பொறுப்பு எனக்கு வந்தது. நீ மூலையில் உட்கார்ந்து கயிறு பிரித்தாய். "கங்காணியம்மா, கட்டு சரியா இருக்கான்னு வந்து பாருங்க" என்று கேலி வேறு. படித்தவளைத்தான் பொறுப்பில் வைப்பார்கள் என்று பேத்தியிடம் பெருமையடித்தேன்.

போன வாரம் மனது கேட்காமல் முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"அது யாரு கை வேலைன்னு எனக்கும் தெரியும் பாட்டி. அவங்கதான் அன்னைக்கே வந்து சொன்னாங்க, 'அவகிட்ட பொறுப்பக் குடுங்க தம்பி. ரோசக்காரி. இனி ஒரு கயிறு தப்பாது'ன்னு."

உண்மைதான், தப்பவில்லை. ஆனால் நான் ஜெயித்து வாங்கியது என்று நெஞ்சை நிமிர்த்திய ஒன்றே ஒன்றும் நீ தூக்கிக் கொடுத்ததா? சண்டை போடலாம் என்றால் நீயும் இல்லை.

நேற்று புதிதாக வந்த பெண்களுக்குக் கயிறு பிரிக்கக் காட்டினேன். அவசரப்பட்ட ஒருத்தியின் கையைப் பிடித்து நிறுத்தினேன். "இந்தக் கிண்ணத்த மொதல்ல செஞ்சது யாரு? நீங்களா?" என்று கேட்டாள். உன் பெயரைச் சொன்னேன்.

"யாரு?" என்று மறுபடி கேட்டாள். கொடியைத் தடவிக்கொண்டே இருந்தேன். இரண்டாம் முறை சொல்ல எனக்கு இன்னும் மனசு வரவில்லை.