ஆள்காட்டிக் குச்சி

மார்ச் 4

பதினொன்று. மூன்று முறை எண்ணிவிட்டேன், கூடவில்லை. போன வருடம் இந்த மேட்டுச் சதுப்பில் இருபத்தாறு ஆள்காட்டிப் பறவைக் கூடுகள் இருந்தன. கூடு என்பதே பேருக்குத்தான். புல்லில் ஒரு குழியைத் தேய்த்து நாலு முட்டையிட்டு உட்கார்ந்துவிடும். மாடு மிதித்தால் தீர்ந்தது. அதனால், மேய்ப்பவர்கள் கண்டு மாட்டை விலக்கி ஓட்டட்டும் என்று ஒவ்வொரு குழிக்கும் மூன்றடி தள்ளி ஒரு குச்சி நட்டேன், நுனியில் சிவப்புத் துணியோடு. துணி அக்காவின் பழைய போர்வை. "கேட்டுட்டாவது கிழிச்சிருக்கலாம்" என்றாள்.

மார்ச் 5

இந்தக் கூடுகளைக் காக்கும் வேலையை எனக்குக் கொடுத்த வனத்துறை அதிகாரி போன் செய்தார். இந்த வருடம் ஒரு குஞ்சுகூட வெளியே வராவிட்டால் சதுப்பை மரம் நடும் திட்டத்துக்குக் கொடுத்துவிடுவார்களாம். "மரந்தானே? நல்லதுதானே?" என்கிறாள் அக்கா. மரம் வந்தால் தண்ணீர் வற்றும், காக்கைக்கு உட்கார இடம் கிடைக்கும், தரையில் முட்டையிடுகிற பறவை எங்கே போகும்? சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

மார்ச் 11

ஓடைப் பக்கம் இரண்டு கூடு காலி. ஓடு மட்டும் கிடக்கிறது.

மார்ச் 13

இன்னும் இரண்டு. குச்சி நட்டபடி நிற்கிறது, துணி ஆடுகிறது, கீழே ஒன்றுமில்லை. காலையும் மாலையும் தவறாமல் போய்ப் பார்க்கிறேன். இதற்கு மேல் நான் என்ன செய்ய?

மார்ச் 16

மேற்குப் பக்கம் மூன்று குச்சிகளைக் காணோம். அந்தப் பக்கம் மேய்க்கிற மாட்டுக்காரியின் வீட்டுக்குப் போனேன். கன்றுக்குட்டியின் கழுத்தில் அக்காவின் போர்வைத் துணி.

"கேட்பாரில்லாம நின்னுச்சு, எடுத்துட்டு வந்தேன். நல்லா காஞ்ச குச்சி. வெந்நீர் சீக்கிரம் கொதிச்சுது."

கத்தினேன். என்ன சொன்னேன் என்றே நினைவில்லை. "நாலு முட்டைக்கு இந்தக் கத்தா, முட்டைக்காரம்மா?" என்றாள். அவள் சிரித்ததுதான் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அதிகாரிக்குப் புகார் எழுதி அனுப்பினேன்.

குச்சி இல்லாமல் அந்த மூன்று குழிகளையும் கண்டுபிடிக்க முடியவில்லை. முட்டையும் தரையும் ஒரே நிறம். மிதிபட்டிருக்கும். அழிந்த கணக்கில் சேர்த்தேன்.

மார்ச் 18

அவளுடைய மேய்ச்சல் பாஸை நிறுத்திவிட்டார்கள். மாடுகள் வீட்டு வாசலில் கட்டியே கிடக்கின்றன. அந்த வழியாகப் போனேன், அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம்.

மார்ச் 21

கடைசிக் குச்சியின் கீழும் ஓடுதான். நட்டபடி நின்ற எட்டும் போச்சு. படிவத்தில் 'அழிந்தவை: 11' என்று எழுதினேன். ஒன்றும் ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அக்கா தட்டை வைத்தாள், அப்படியே எடுத்தும் வைத்தாள்.

மார்ச் 24

குச்சிகளைப் பிடுங்கப் போனேன். ஏழு பிடுங்கியாகிவிட்டது. எட்டாவதைப் பிடுங்கிவிட்டு மேற்குப் பக்கமாகத் திரும்பினேன். தலைக்கு மேல் ஒரு ஆள்காட்டி வந்து திட்டுகிறது. முட்டையை இழந்த பறவை இப்படி விடாமல் திட்டாது. காக்க ஏதோ இருக்கிறது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அப்புறம் மூன்றாவது.

தேடவில்லை. அப்படியே பின்வாங்கி வந்துவிட்டேன். ஏன் இந்த மூன்று மட்டும்? மாட்டுக்காரி குச்சியைப் பிடுங்கி அடுப்பில் வைத்த மூன்று.

வேண்டாம். அப்படி இருக்கக் கூடாது.

மார்ச் 25

சோதித்துப் பார்த்தேன். முட்டையே இல்லாத கிழக்குச் சரிவில் ஒரு குச்சியை நட்டுவிட்டு, பாறைக்குப் பின்னால் பைனாகுலரோடு உட்கார்ந்தேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. காக்கை வந்தது. நேரே குச்சிக்குப் பக்கத்தில் இறங்கி, சுற்றி நடந்து, அலகால் புல்லை விலக்கி விலக்கிப் பார்த்தது. ஒன்றும் இல்லை என்றதும் குச்சியின் மேலேயே ஏறி உட்கார்ந்தது.

நான்தான். நானேதான் காட்டிக் கொடுத்தேன். துணி கட்டி, முடிச்சு போட்டு, இங்க இருக்கு வா, அங்க இருக்கு வான்னு. போதாததுக்கு தெனம் ரெண்டு தடவை போய் வேற நின்னேனே. அந்தப் பறவைக்கு எதுக்கு ஆள்காட்டின்னு பேரு, எனக்கில்ல வெச்சிருக்கணும். எட்டுக் கூடு. முப்பத்திரண்டு முட்டை. இதுல அந்தப் பொம்பள மேல புகார் வேற.

மார்ச் 26

மூன்று முறை கிழித்து நாலாவது முறை எழுதினேன். 'மாடுகளால் ஒரு கூடும் அழியவில்லை. நான் நட்ட குச்சிகளே காக்கைகளுக்கு அடையாளமாகின. புகாரைத் திரும்பப் பெறுகிறேன்.'

அக்கா படித்தாள். "இத அனுப்பினா வேலை போயிடும்டி."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

பயமாகத்தான் இருந்தது. அனுப்பிவிட்டேன்.

மார்ச் 29

எட்டுக் குச்சிகளையும் கட்டி எடுத்துக்கொண்டு மாட்டுக்காரம்மாவின் வீட்டுக்குப் போனேன். தப்பு என்னுடையது என்றேன். காக்கையைப் பற்றியும் சொன்னேன். அவர் குச்சிகளைத்தான் தடவிப் பார்த்தார்.

"ஈரமா இருக்கே."

"காய வெச்சுக்கலாம்."

"பத்து நாளா மாடு கட்டின எடத்துலயே நிக்குது. பாஸ் எப்ப வரும்?"

தெரியாது என்றேன். குச்சிகளை வாங்கி உள்ளே வைத்தார். உட்காரச் சொல்லவில்லை. நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

ஏப்ரல் 3

சாலையிலிருந்தே பார்த்தேன். புல்லுக்குள் நாலு குஞ்சுகள், ஓடுகின்றன. நிற்கின்றன. மறுபடி ஓடுகின்றன. பல படம் எடுத்தேன், ஒன்றுதான் தெளிவாக விழுந்தது. அதை அனுப்பினேன். அதிகாரி உடனே கூப்பிட்டார்: "வரைபடத்துல இடத்தைக் குறிச்சு அனுப்புங்க, ஆள் வந்து பார்க்கட்டும்."

ஏப்ரல் 10

சதுப்புக்கு ஒரு வருடம் கிடைத்திருக்கிறது. மாட்டுக்காரம்மாவுக்குப் பாஸ் திரும்ப வந்துவிட்டது. எனக்கு வேலை இந்த மாதக் கடைசிவரைதான், பிறகு வேறொருவர் வருகிறார். அவருக்காகக் காக்கை விஷயத்தைப் பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

வரைபடம் கேட்டு அதிகாரி இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். இன்று அனுப்பினேன். ஓடை இருக்கிறது, பாறை இருக்கிறது, சாலை இருக்கிறது. கூடு இருக்கும் இடம் எங்கும் குறிக்கப்படவில்லை.

மாலையில் சாலையோரம் போய் நின்றேன். ஒன்று பறந்து வந்து திட்டியது. பத்தடி தள்ளி நின்றேன். அப்போதும் திட்டியது. இன்னும் பத்தடி தள்ளிப் போனேன்.