தலையில் கட்டிய துண்டு

டெல்லி, 14.2.1970

அப்பாவுக்கு இராஜாங்கம் வணங்கி எழுதுவது. நான் சுகம். அம்மாவின் முட்டிவலி தேவலையா? அறுப்புக் கூலித் தகராறு தீர்ந்ததா?

என்னோடு வேலை பார்க்கும் கூத்தாநல்லூர் ஜக்கரியா பாய் இங்குள்ள தர்காவின் வசந்த விழாவுக்குக் கூட்டிப்போனார். எல்லோரும் மஞ்சள் துணியும் கடுகுப்பூவுமாகப் பாடிக்கொண்டே உள்ளே போனார்கள். நான் பண்ணையார் வீட்டு வாசலில் நிற்பதுபோல, தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வெளியிலேயே நின்றுவிட்டேன். பாய் திரும்பி வந்து, "அதை அவுத்துத் தலையில கட்டுங்க தம்பி, இங்க அதான் மரியாதை" என்றார். கட்டினேன். அவர் பின்னாலேயே உள்ளே போனேன். யாரும் அதட்டவில்லை. எது மரியாதை என்று இன்னும் எனக்குக் குழப்பமாகவே இருக்கிறது.

அந்தத் துண்டு நைந்துவிட்டது. நம்மூர்த் துண்டு ஒன்று, தலையில் சுற்றும் நீளத்தில் அனுப்புங்கள். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. அப்பா, நீங்கள் இன்னும் இடுப்பில்தான் கட்டுகிறீர்களா?

இராஜாங்கம்