டாலிகஞ்ச் கதவில் ஒட்டிய சம்மன்

லேக் மார்க்கெட், கல்கத்தா,
18-11-1998

அன்புள்ள உங்களுக்கு,

நம் பெண் சாதனாவுக்கு நீங்கள் அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்து வந்தது. வீட்டு எண், மாடி, பின்கோடு எல்லாம் வழக்கம்போலச் சரியாக எழுதியிருந்தீர்கள்.

போன வாரம் டாலிகஞ்ச் வீட்டுக்கார அம்மாவை, அதான் நம் மாஷிமாவைக் கடைத்தெருவில் பார்த்தேன். "போன வருஷம் துர்கா பூஜைக்கு முன்னால, பூட்டிக் கிடந்த உங்க பழைய போர்ஷன் கதவுல உன் பேருக்குக் கோர்ட் காகிதம் ஒட்டிட்டுப் போனாங்கம்மா. வெள்ளையடிக்க வந்தவன் சுரண்டிட்டான்" என்றார்.

வக்கீல் விசாரித்துச் சொன்னார். நான் கடைசியாக இருந்த வீடு அதுதான் என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். கதவில் ஒட்டினால் என் கையில் கொடுத்த மாதிரியாம். நான் கோர்ட்டுக்கு வரவில்லை என்று ஏப்ரலிலேயே விவாகரத்துத் தீர்ப்பாகிவிட்டதாம்.

அந்த வீட்டைக் காலி செய்த அன்று சாமான்களை லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து இறக்கியவரே நீங்கள்தானே?

தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி மனுப் போடலாம் என்கிறார் வக்கீல். போட்டு என்ன ஆகப்போகிறது?

ஏப்ரலுக்கு அப்புறமும் வெள்ளிக்கிழமைதோறும் கோயிலில் உங்கள் பெயர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்துகொண்டிருந்தேன். எனக்குத்தான் தெரியாதே.

உறைமேல் உங்கள் முகவரியை மூன்று தடவை சரிபார்த்துவிட்டேன். இது உங்கள் கைக்கே வந்துவிடும்.

இப்படிக்கு,
உங்கள் பெண்ணின் அம்மா